எதிர்க்கோணல்

“இந்த ஊர்ப்பக்கமே வந்துடாதே. அந்த வெளிநாட்டு வேலையையே ஒத்துக்கோ. இங்க வந்து என்னத்தக் கிழிக்கப் போற?” என்று அலைபேசியில் அதட்டினார் நேர்கோட்டார். மறுமுனையில் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நேர்கோட்டார் என்பது சோதனைக்கூடத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். அலைபேசிக் கோபுரங்களில் சிக்னலைப் பெருக்க மாட்டுகிற ஆம்பிளிஃபயர்களின் கோணலை நிமிர்த்துவதுதான் அவர் பிழைப்பு. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அடுத்த மேசை மென்பொருள்காரிக்குப் பொறுக்கவில்லை. இருப்பதோ ஒரே மகள், அதுவும் தாயில்லாத பெண். வெளிநாட்டில் ஒன்று, உள்ளூரில் ஒன்று என இரண்டு வேலை கிடைத்திருக்கிறது, எதை எடுக்கட்டும் என்று அப்பாவைக் கேட்கிறாள். அவளைப் போய் இப்படி விரட்டலாமா என்று பிடித்துக்கொண்டாள்.

“வரணும்னுதாம்மா வராதேன்னு சொன்னேன்” என்றார் அவர்.

மகள் பிறவியிலேயே எதிர்க்கட்சி. குடை எடுத்துப் போ என்றால் நனைந்துகொண்டு வருவாள். அறிவியல் படி என்றார், வரலாறு படித்தாள். மனைவி போன பிறகு தனி ஆளாக அவளோடு மல்லுக்கட்டியதில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படித்தது போதும், தூங்கு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். பக்கத்து அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

“நம்ம ஆம்பிளிஃபயர் பெட்டியில பண்றதுதானே? அது எந்தப் பக்கம் வளைக்கும்னு தெரிஞ்சா, நாம முன்னாடியே எதிர்ப்பக்கம் வளைச்சு அனுப்பறோம். வெளியில நேரா வந்துடுது” என்றார் நேர்கோட்டார்.

பெட்டியில் அப்படித்தான். ஆம்பிளிஃபயரை முழு பலத்தோடு ஓட்டினால் சிக்னலின் உச்சியை அமுக்கிவிடும். அந்தக் கோணல் பக்கத்து அலைவரிசையில் போய்க் கொட்டும். அமுக்கப் போகிற அளவைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே தூக்கி அனுப்பினால் சரியாகிவிடும். வெளியே வருவதில் ஒரு துளி எடுத்துப் பார்த்து, அந்தக் கணக்கை அவ்வப்போது மாற்றிக்கொள்வது மென்பொருளின் வேலை.

“பெட்டி, வெளியில வர்றதக் கேட்டுக்கிட்டே இருக்கும் சார். நீங்க போனையே வெச்சுட்டீங்களே” என்றாள் மென்பொருள்காரி.

பெற்ற அப்பனுக்குத் தெரியாததா, புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது என்று சிரித்து மழுப்பினார்.

சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு உதைப்பாகத்தான் இருந்தது. வெளிநாட்டு வேலை என்றால் மூன்று வருட ஒப்பந்தம். ஏற்கெனவே வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். இன்னும் மூன்று வருடம் இப்படித் தனியாகக் கிடக்க அவரால் ஆகாது. போன வாரமே மகளின் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரையும் மாட்டியாயிற்று. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள்.

பிற்பகலில் புது ஆம்பிளிஃபயர் ஒன்று வந்து இறங்கியது. பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டி, சுவிட்சைப் போட்டார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. சிக்னலுக்கு இரண்டு பக்கமும் திமில் திமிலாகப் புடைத்துக்கொண்டு நின்றது. பழையதில்கூட இவ்வளவு மோசம் இல்லை.

கேபிளை மாற்றினார், இணைப்புகளை முறுக்கினார், செய்தவனைத் திட்டினார். புடைப்பு அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் மென்பொருள்காரியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து, வெளியே வருவதைப் பார்த்து மென்பொருள் கற்றுக்கொள்ளும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். ஆமாம் என்றார். பழைய ஆம்பிளிஃபயர் மாதக்கணக்கில் மாறாமல் ஒரே மாதிரி ஓடியதால், இனிமேல் கற்க ஒன்றுமில்லை என்று அவர்தான் நிறுத்தி வைத்திருந்தார்.

“இது நல்ல ஆம்பிளிஃபயர் சார். கோணலே அவ்வளவா இல்ல. இப்பத் தெரியறது, பழசுக்காக நீங்க போட்டு வெச்ச எதிர்க்கோணல்.”

பழைய திருத்தத்தை அவள் அழித்தாள். திரையில் புடைப்பு இரண்டு பக்கமும் சட்டென்று அமுங்கிப் போயிற்று. “அட, நல்லதப் போய்த் திட்டிட்டேனே” என்று தலையில் தட்டிக்கொண்டார் நேர்கோட்டார்.

அப்போது மேசைமேல் அலைபேசி அடித்தது. மகள்தான்.

அவர் முகம் பூரித்துப் போயிற்று. சண்டைக்கு வருகிறாள், ஊருக்குத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கப் போகிறாள், நீயே உன் காதால் கேள் என்று மென்பொருள்காரியிடம் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அலைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

மகளின் குரலில் சண்டையே இல்லை.

“மனசெல்லாம் நம்ம வீட்டுலதான்ப்பா இருந்துச்சு. ஆனா இதுவரைக்கும் நீங்க சொன்னது எதையுமே நான் கேட்டதில்லையே... அதான், வெளிநாட்டு வேலைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்.”