படகு ஓவியத்தின் முன் ஒரு மணி நேரம்

உலகப் புகழ்பெற்ற நாற்பது ஓவியங்களின் நகல்கள் ஒரு வீடியோ கேமுக்குள் ஒளிந்திருந்தன. யாராவது தங்களை நின்று பார்க்க வேண்டும் என்பதே அவற்றின் ஏக்கம். ஆடுபவனோ ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கூடத்தில் மாட்டுவான். எண்ணிக்கை ஒன்று கூடியதும் அடுத்ததைத் தேடி ஓடிவிடுவான்.

அன்று புதிதாக மாட்டப்பட்ட படகு ஓவியம் துள்ளியது. “அக்கா, என் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னான்! கண்ணை எடுக்கவே இல்ல!”

பக்கத்திலிருந்த மாதுளை ஓவியம் சிரித்தது. “அடி அசடு, நின்னது கேமுக்குள்ள அவன் ஓடவிடுற பொம்மை. அவன் சாப்பிடப் போயிருந்தான்.”

படகு வாடிப்போனது. பிறகு மாதுளை மெல்லக் கேட்டது.

“அவனுக்கு மறுபடி எப்போ பசிக்கும்?”