பீச்சாங்கை

ஆய்வக ஃப்ரீசரில் அவளுடைய குப்பி ஒன்றுதான் இருந்தது.

மூடியில் அவள் கையெழுத்து: சோத்துக்கை.

பக்கத்துக் குழி காலி.

பனியைச் சுரண்டிவிட்டு மறுபடி பார்த்தாள். மேல் தட்டில். கீழ்த் தட்டில்.

இன்று மருத்துவமனைக்கு அனுப்புகிற நாள்.

இரண்டு குப்பியிலும் ஒரே டிஎன்ஏ இழைதான். அதே எழுத்துகள், அதே வரிசை, அதே எடை. சங்கரன்கோவிலில் இருக்கும் ஆதிரை என்கிற சிறுமிக்காகச் செய்தது. ஆதிரையின் மரபணுவில் ஓர் எழுத்து பிழை. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, அதன் வாயை அடைப்பது இழையின் வேலை.

போய்ச் சேர்வதுதான் பாடு. வெளியிலிருந்து வரும் இழையை உடம்பு விடாது. நொதிகள் வெட்டிப் போட்டுவிடும். அதனால் கண்ணிக்குக் கண்ணி ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை உட்காரவைப்பார்கள். கந்தகம் உட்கார இரண்டு பக்கம் உண்டு. சும்மா விட்டால் அது இஷ்டத்துக்கு உட்காரும்.

அவள் சும்மா விடவில்லை.

ஒரு பக்கத்தை மறித்து ஒரு சின்ன மூலக்கூறைக் காவலுக்கு நிறுத்தினாள். கந்தகத்துக்கு மறுபக்கம் மட்டுமே வழி. அது உட்கார்ந்ததும் காவலைக் கழற்றினாள். பிறகு அடுத்த கண்ணி. ஒன்று புரண்டாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

கந்தகம் எல்லாம் வலப்பக்கமாக ஓர் இழை. எல்லாம் இடப்பக்கமாக இன்னொன்று.

ஆதிரையின் செல்களில் விட்டுப் பார்த்தபோது, வலதை நொதிகள் நறுக்கித் தள்ளின.

இடதிடம் அவற்றின் பாச்சா பலிக்கவில்லை.

அன்றைக்குத்தான் பேர் வைத்தாள். வலது சோத்துக்கை, இடது பீச்சாங்கை.

அதற்கு முன்பு ஒருமுறை ஆதிரையின் வீட்டுக்குப் போயிருந்தபோது சிறுமி அவளுக்கு டாட்டா காட்டியிருந்தாள். இடது கையால். வலது கை அதற்குள் ஓய்ந்துவிட்டிருந்தது. அம்மா செல்வராணி சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பீச்சாங்கையால காட்டக் கூடாதுட்டி. தப்பா எடுத்துக்கிடாதீங்க மேடம்."

அந்தக் கைக்காக வைத்த பேர் அது. மூடியில் எழுதும்போது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

"வாகீசன், இங்க இன்னொரு குப்பி இருந்துச்சே?"

அடுத்த மேசைக்காரன் தலையைத் தூக்கினான். அவன் வேலை வேறு. ஃப்ரீசர் மட்டும் பொது.

"பார்வைக்கு ஆள் வர்றாங்கன்னு நேத்து நான்தான் ஒழிச்சேன். பீச்சாங்கைன்னு எழுதியிருந்துச்சு. சரியா வராததுன்னு கழிவுல போட்டுட்டேன். ஏன்?"

அவள் கழிவுப் பெட்டியிடம் ஓடினாள்.

"நல்லதுக்குப் போய் யாராவது அப்படிப் பேர் வைப்பாங்களா?"

கழிவு வண்டி காலையிலேயே போயிருந்தது.

"சோத்துக்கை பத்திரமா இருக்குல்ல?" என்றான் வாகீசன், ஆறுதலாக.

மறுபடி செய்யலாம். பொங்கல் ஆகிவிடும்.

ஆதிரைக்கு டாக்டர்கள் தீபாவளி வரைக்கும்தான் சொல்லியிருந்தார்கள்.

ஃப்ரீசர் கதவு திறந்தே கிடந்ததில் கூவத் தொடங்கியது. மூடினாள்.

பையில் போன் அடித்தது. செல்வராணி. வீடியோ அழைப்பு.

எடுத்தாள்.

"அனுப்பியாச்சா மேடம்? பாப்பா உங்களைப் பாக்கணும்னா. இந்தா பாரு, மேடம்."

தலையணையில் ஆதிரை. கொஞ்சம் சிரித்தாள். போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல எழுந்தது.

செல்வராணி இந்த முறை அதைப் பிடித்து இறக்கவில்லை.

அதுவே இறங்கியது.