அர்கியாஸ் வீட்டுத் தேன்சாடி

"வாசப்படி மிதிக்கிற வேலையெல்லாம் வேணாம். சொல்ல வந்ததை இங்கேயே சொல்லிட்டுக் கிளம்பு."

ஊருக்கு வெளியே, சாலையோரம், அப்பா அர்கியாஸின் கல்லறைக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள் மிர்தோ. முப்பது வருடம் கழித்து சிசிலியிலிருந்து வந்திருந்த தம்பி லைகோன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்க்கா. நீ மன்னிச்சா இந்த ஊர்லயே இருந்துடறேன். இல்லேன்னா வந்த வழியே போயிடறேன்."

மிர்தோ இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றித் தடவினாள்.

"நம்ம வீட்டு அத்திமரம் இன்னும் இருக்காக்கா?"

"இருக்கு. நீ விழுந்த கிளைதான் இல்ல."

"அப்பாவோட பிரசங்கம்?"

"அதை மறக்க முடியுமா!"

லைகோன் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத தாடியை நீவினான். "'மானிடரே! ஆதியில் நோயில்லை, மூப்பில்லை, உழைப்புமில்லை. தேவர்கள் பண்டோரா என்றொரு பெண்ணைச் செய்து அனுப்பினர். திறக்கக்கூடாத சாடியை அவள் திறந்தாள். துன்பமெல்லாம் வெளியே பறந்தது. நம்பிக்கை மட்டும் அடியில் தங்கியது!'"

"'நம்பிக்கை'ன்னதும் கண்ணைத் துடைச்சுக்கணும். விட்டுட்டியே!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். வருடாவருடம் புது மதுச்சாடி திறக்கும் திருநாளில் அர்கியாஸ் பேசி முடிப்பதற்குள் ஊருக்கே தொண்டை வறண்டுவிடும். அடக்கத்தைப் பற்றி அவரைப்போல அடங்காமல் பேச ஆளில்லை.

லைகோனின் சிரிப்பு நின்றது.

"பண்டிகைக்குன்னு முத்திரை போட்டு வெச்ச தேன்சாடி காலியாக் கெடந்துச்சே, அன்னிக்கு... நீ திங்கறதைப் பார்த்தேன்னு அப்பாகிட்ட சொன்னேன். பார்க்கலக்கா. அடிக்குப் பயந்து சொன்னேன்."

"தெரியும்."

"அதே மாசம் மலைக்கு அந்தப்பக்கம் ஒரு கெழவனுக்கு உன்னைக் கட்டி வெச்சுத் தள்ளி விட்டுட்டாரு. பதினாலு வயசு உனக்கு."

"விசாரணையே இல்லையேடா. பொண்ணுதானே சாடியைத் திறப்பா? கெழவன் செத்து, நான் திரும்பி வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊத்தினப்பவும், ஒவ்வொரு வாய்க்கும் அதையேதான் சொல்லிக் காட்டினாரு."

"நீ ஏன் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல?"

"பேசியிருந்தா உன் முதுகுத்தோலு உரிஞ்சிருக்கும். பத்து வயசு. எலும்பும் தோலுமா இருந்தே. பசியில தின்னுட்டான், போகட்டும்னு நின்னேன்." மிர்தோவின் குரல் இளகியது. "சரி விடு. தேனாவது நல்லா இருந்துச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தின்னவன் நீதானே!"

"நானா? ஐயோ, நான் தொடவே இல்லக்கா! நீதான் தின்னேன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருக்கேன்!"

எண்ணெய் தடவிய கை நின்றது. ஒரு கழுதை வண்டி அவர்களைக் கடந்து போய், அதன் சத்தமும் ஓய்ந்தது.

"அம்மா செத்து, வேலைக்காரியும் ஓடிப்போன வருஷம் அது. வீட்ல இருந்ததே மூணு பேருடா," என்றாள் மிர்தோ மெதுவாக.

இருவரும் திரும்பிக் கல்லைப் பார்த்தார்கள்.

மிர்தோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாடா, வீட்டுக்குப் போகலாம். அவர் இங்கேயே கெடக்கட்டும்."