திரைக்கு முன்னால் ஒரு ஆட்டம்

“மாமாவை இனிமே வீட்டோட இருக்கச் சொல்லுங்க அத்தை. மானம் போகுது!”

குடும்பத் தியேட்டரில் முதல்முறையாகப் படம் பார்த்துவிட்டு வந்த புது மருமகள் பொரிந்து தள்ளினாள்.

“அப்படி என்ன பண்ணினார்?”

“படம் ஓடுறப்போ திரைக்குக் கீழே நின்னுக்கிட்டு, காத்துல கையை வீசி, மூக்கைத் தொட்டு, முழங்கையைத் தட்டி... கண்கொண்டு பார்க்க முடியலை! ஊரை உண்டாக்கின குடும்பமாச்சேன்னு யாரும் வாயைத் திறக்கலை. முன்வரிசைக் கிழங்கள் மட்டும் அவரையே பார்த்து விழுந்து விழுந்து சிரிக்குதுங்க.”

“அவங்க சிரிச்சது படத்துக்கு.”

“திரையைப் பார்த்தால்தானே!”

மாமியார் பெருமூச்சு விட்டாள்.

“அவங்கல்லாம் நம்ம மரமில்லுல காலம்பூரா மரம் அறுத்தவங்க. ரம்பச் சத்தத்துல பேச்சு எடுபடாது. கை ஜாடையிலதான் பேசிப்பாங்க. அந்த ஜாடையிலதான் உன் மாமா வசனம் சொல்றார்.”

“இங்கே ரம்பம் இல்லையே அத்தை. படம்தான் பேசுதே?”

“பேசுது. அவங்க காதைத்தான் நம்ம ரம்பம் தின்னுடுச்சே!”

மறுநாள் ஆட்டத்தில், மாமாவின் கைகள்மேல் வெளிச்சம் விழும்படி, மருமகளின் மேஜை விளக்கு எரிந்தது.