இறங்காத சூடு

"எனக்கு இந்த கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். வீட்டுல சும்மா கழட்டிப் பார்த்தேன், இப்படி ஆயிடுச்சு."

கடைக்குப் பின்னாலிருந்த ஜெனரேட்டர் சந்தில் குரலை மாற்ற மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, பக்கத்து டெய்லரிடம் இரவல் வாங்கிய போனில் இப்படிப் புளுகிக்கொண்டிருந்தவர், இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தும் மெக்கானிக்.

அவரும் என்னதான் செய்வார்? காலையிலிருந்து அந்த கிராபிக்ஸ் கார்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. விசிறிகளைப் புதிதாக மாட்டினார். சூடு தணிக்கச் சிப்பின் மேல் தடவியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புது பேஸ்ட் தடவினார். சூட்டைக் கடத்தும் பேட்களையும் விடவில்லை, அத்தனையையும் மாற்றினார். முன்பாவது தொண்ணூறு டிகிரியில் முக்கி முனகி ஓடியது. இப்போது ஆன் செய்த கையோடு நூற்றைந்தைத் தொட்டு அணைந்துவிடுகிறது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கார்டுக்குச் சொந்தக்காரியான அனிமேஷன்காரப் பெண் கடை ஸ்டூலை விட்டு நகர்வதாக இல்லை.

"இன்னைக்குள்ள படத்தை அனுப்பலைன்னா என் வேலையே போயிடும் சார். முடியலைன்னா சொல்லிடுங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடையில கொடுத்துடறேன்."

அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்தக் கடைக்காரன் இவருடைய கடையிலேயே குப்பை கொட்டியவன். இவர் வேலையையே குறை சொல்லி, வாய்ச்சண்டை முற்றி, டூல்ஸ் பெட்டியோடு கடையை மட்டுமல்ல, வீட்டையும் விட்டு வெளியேறியவன். அதன்பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. வந்த வாடிக்கையை அவனுக்குத் தாரை வார்ப்பதைவிட, யாரோ எவரோ போல அவனிடமே கேட்டுவிடுவது மேல் என்று துணிந்துவிட்டார்.

"கழட்டினப்ப பேஸ்ட் எப்படி இருந்துச்சு சார்?" என்றான் அவன்.

"பரவவே இல்ல சார். தடவினது தடவினபடியே இருக்கு."

"கனமான பேடா பார்த்து வாங்கிப் போட்டிருப்பீங்க."

"ஆமா சார். கனமா இருந்தா நல்லதுதானே?"

"அதான் சார் வினையே. சுத்தி இருக்கிற பேட் தடிமனா இருந்தா, மேல சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் தூக்கிக்கிட்டு நிக்கும். நடுவுல சிப்பைத் தொடவே தொடாது. பழசு என்ன தடிமனோ அதையே போடுங்க. போட்டுட்டு எவ்வளவு வருதுன்னு எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

மெக்கானிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இது தெரியாமலா இத்தனை வருஷம் தொழில் பார்த்தோம்? மறுபேச்சில்லாமல் உள்ளே போய் மெல்லிய பேட்களை வெட்டி ஒட்டினார். கார்டு அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. அந்தப் பெண் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சொன்னபடி போன் செய்யாமலிருக்க மனசு கேட்கவில்லை. மறுபடியும் டெய்லரின் போன், மறுபடியும் மூக்கு.

"அறுபத்தெட்டுல நிக்குது சார். ரொம்ப நன்றிங்க."

எதிர்முனையில் மெதுவாகக் குரல் வந்தது.

"இருக்கட்டும்ணே... அம்மா சாப்பிட்டாங்களா?"