சிவப்புப் போர்வை

தன் மனைவியின் கழுத்தை இன்னொருவன் நெரிப்பதை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் கான்ட்ராக்டர். எழுந்து போய்த் தடுக்கவில்லை. அவன் விரல்கள் எங்கே படுகின்றன என்பதுதான் அவர் கவலை.

போர்வை மேல்தான் பட்டன. நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

மேடையில் நடந்துகொண்டிருந்தது பழைய காலத்து ராஜா கதை. ராணிமேல் சந்தேகம். ஒரு வார்த்தை விசாரிக்காமல் ராஜா அவளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்.

“முட்டாப்பய ராஜா,” என்றார் கான்ட்ராக்டர், பக்கத்து சீட்டுக்காரரிடம். “முதல்லயே அரண்மனையைப் பூட்டி சாவியைப் பையில போட்டிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்குமா?”

சீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. நாளைக் காலை அவர் வீட்டு வாசல் கதவில், வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் வைக்க ஆள் வருகிறான்.

இன்றோடு அவள் நடிப்புக்கு முழுக்கு. வரும்போது காரிலேயே சொல்லிவிட்டார்.

“நாளையிலேருந்து நீ உண்டு, நாலு சுவரு உண்டு. புரிஞ்சுதா?”

“சரிங்க,” என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. பதில் சட்டென்று வந்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

இந்த நாடகத்துக்கு விட்டதே பெரிய விஷயம். டைரக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கான்ட்ராக்டர் நிபந்தனை போட்டார். ராஜா ராணியைத் தொடக் கூடாது. கட்டிலில் கிடந்துகொண்டு ராணி அவனிடம் கெஞ்சி வசனம் பேசக் கூடாது. திரை தூக்கும்போதே தலையோடு கால் போர்த்திப் படுத்திருக்க வேண்டும்.

“சார், இது சோகக் காட்சி. ராணி முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்க அழணும்.”

“என் பொண்டாட்டி முகத்தைப் பார்த்து ஊரு எதுக்குய்யா அழணும்?”

டைரக்டர் ராணியின் வசனங்களை அடித்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு ராணிக்கு மிஞ்சியது இந்த ஒரு காட்சிதான்.

இடைவேளையில்கூட கான்ட்ராக்டர் எழுந்திருக்கவில்லை. கொட்டகையின் பின்கதவை ஒட்டி, எறும்புகூட நுழையாதபடி காரை நிறுத்தியிருந்தார். அதனால் நாடகக்காரர்கள் எல்லாரும் முன்வரிசை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. துணி மூட்டையும் குடையுமாக ஒருத்தி அவர் முழங்காலை இடித்துவிட்டாள்.

“கண்ணு தெரியலையா?” என்று எரிந்து விழுந்தார், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. திரையில் ஒரு நீலப் புள்ளி. மனைவியின் போன் எங்கே இருக்கிறது என்று காட்டும் புள்ளி. மேக்கப் அறையில் அசையாமல் இருந்தது.

இப்போது ராணி செத்து, ராஜா அழுது, திரை விழுந்தது. எல்லாரும் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். ராணி மட்டும் வரவில்லை. கண்டவனோடு கைகோத்து நிற்கக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனைதான்.

நேராக மேக்கப் அறைக்குப் போனார். ஒரே கதவு. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. முதல் நாளே ஆட்டிப் பார்த்து, ‘நல்ல வேலைப்பாடு’ என்று தொழில்காரராகப் பாராட்டியிருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். போன் போட்டார், உள்ளே மணி அடித்தது.

முகம் கழுவுகிறாள். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பாதி தாடியோடு ராஜா வந்து நின்றார். “எப்படி சார் இருந்துச்சு?”

“கழுத்துகிட்ட ரொம்ப நேரம் கைய வெச்சிருந்தே.”

“போர்வை மேலதானே சார்!”

“பார்த்தேன்.”

“தெரியும் சார். காட்சி பூரா என் கையத்தானே பார்த்துட்டிருந்தீங்க. மேடையிலேருந்தே தெரிஞ்சுது.” மிச்சத் தாடியைப் பிய்த்தபடி அவர் நகர்ந்தார்.

தண்ணீர் நிற்கவில்லை. கான்ட்ராக்டர் கதவைத் தட்டினார்.

“இன்னும் எவ்வளவு நேரம்டி? நான் உள்ள வந்தா நல்லாயிருக்காது!”

அவளுடைய மேல்கையில் இருக்கும் நீலத் தடம், இந்த மாதிரி ஒரு தாமதத்துக்குக் கிடைத்ததுதான். மேக்கப் போடும் அக்கா கேட்டால் ‘கதவுல இடிச்சுக்கிட்டேன்’ என்று சொல்லச் சொல்லியிருந்தார். அவளும் அப்படித்தான் சொன்னாள். அக்கா மறு கேள்வி கேட்காமல் பவுடர் அப்பி மறைத்துவிடுவாள்.

தாழ்ப்பாள் விலகியது.

நின்றது மேக்கப் அக்கா. முகமெல்லாம் வியர்வை, தோளில் சிவப்புப் போர்வை. அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார் கான்ட்ராக்டர். மேசைமேல் மனைவியின் போன். அதன்மேல் அவளுடைய கல்யாண மோதிரம். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க அவ?”

“இடைவேளையிலேயே போயாச்சு. பின்கதவை நீங்க அடைச்சுட்டீங்க. அதான் என் மூட்டையையும் குடையையும் கொடுத்து, உங்க முன்னாலயே அனுப்பினேன்.”

“யார்கிட்ட கதை விடுற?” கான்ட்ராக்டர் அவள் பக்கம் திரும்பினார். “இப்பதானே கட்டில்ல செத்தா? என் ரெண்டு கண்ணால பார்த்தேனே!”

அக்கா போர்வையை நிதானமாக மடித்து, அவர் கையில் வைத்தாள்.

“செத்தது நான் சார்.”