மண்டோருக்கு ஏத்த கண்ணு டாக்டர்

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கண்ணு டாக்டரப் பார்த்துக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வா. வந்து, அந்தப் பொம்பள யாருன்னு கையக் காட்டு!"

வேலையாளுங்கள மேய்க்கிற மண்டோர் நல்லசாமிகிட்ட போலீசு இன்ஸ்பெக்டர் துரை இப்படிச் சொல்லிட்டுப் போனதுலேருந்து, முத்தாயி மண்டோரையே சுத்திச் சுத்தி வந்தா.

அந்தப் பொம்பள அவதானே!

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ரப்பர் தோட்டத்தச் சுத்தி முள்ளுக்கம்பி. வேலிக்கு வெளிய ஒரு பிடி சோறு போனாலும், காட்டுல ஒளிஞ்சிருக்குற கம்யூனிஸ்டுக் காட்டுக்காரனுக்குத் தீனி போட்டேன்னு புடிச்சு, ஊருக்குக் கப்பலேத்திடுவான். புருசன் இல்லாதவ. மூணு புள்ளைங்க என்ன ஆகும்?

முத்தாயி போட்டது காட்டுக்காரனுக்கு இல்ல. முன்ன அவகூட பால்மரம் வெட்டின சீனத்திக்கு. வயித்துப்புள்ளக்காரி பசியோட வேலியோரம் வந்து நின்னா. அதச் சொன்னா எவன் நம்புவான்?

அன்னிக்கு அந்தப் பக்கம் நின்னது மண்டோர் நல்லசாமி ஒருத்தர்தான். "பொம்பளதான் துரை... மூஞ்சிதான் மசமசன்னு..."ன்னு அவரு இழுத்ததாலதான் இந்தக் கண்ணாடி உத்தரவு.

"செரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க மண்டோரே"ன்னாரு தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி முருகையா. "அங்க டாக்டர் விளக்கடிச்சு உள்ள பாப்பாரு. கண்ணுல என்ன இருக்குன்னு புட்டுப் புட்டு வெச்சிடுவாரு."

முத்தாயி சும்மா இருப்பாளா? குறுக்க பூந்தா.

"தாராளமாப் போங்கண்ணே! பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தருக்குக் கண்ணத் தோண்டி எடுத்து, கழுவி, திருப்பி வெச்சாங்களாம். இடம் மாறிப்போச்சு. இப்ப பொண்டாட்டியப் பாக்கணும்னா பக்கத்து வூட்டுப் பக்கம் திரும்புறாராம்!"

"ஐயையோ, எனக்கு வேணாம்லா!"

"தம்பின் டவுனு பசார்ல கனி பாய் இருக்காரே. கூடை நிறைய கண்ணாடி. ஒண்ணொண்ணா மாட்டிப் பாக்கலாம். கண்ண யாரும் தொடவே மாட்டாங்க."

"அவருதாம்மா டாக்டரு!" மண்டோர் துள்ளிக் குதிச்சு லோரி ஏறிட்டாரு.

சாயங்காலம் திரும்பி வந்தாரு. மரத்துப் பால் புடிக்கிற மங்கு அடி மாதிரி தடிச்ச கண்ணாடி. வந்ததும் வராததுமா ஒரு ஆட்டப் பார்த்து, "என்ன கிராணியாரே, சொகமா?"ன்னாரு.

லயத்து வீட்டுச் சனமே உருண்டு சிரிச்சுது. தண்ணிக் குழாயடியில முத்தாயி அவரு மாதிரியே கைய நீட்டி, இல்லாத கால்வாயத் தாண்டித் தாண்டி நடந்து காட்டினா. "பாத்தீங்களாடி? ஆஸ்பத்திரிக்குப் பயந்த ஆம்பளைக்குப் பசாரு டாக்டரு!"

வெள்ளிக்கிழமை.

ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல, இன்ஸ்பெக்டர் துரை முன்னாடி பொம்பளைங்க வரிசையா நின்னாங்க. மண்டோர் ஒவ்வொரு மூஞ்சியா மோந்து பாக்குற மாதிரி வந்தாரு. முத்தாயிகிட்ட நின்னாரு.

நின்னுக்கிட்டே இருந்தாரு.

அவ தலையக் குனிஞ்சு முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டா.

திடீர்னு நகர்ந்து போயி, களத்து ஓரத்துல இருந்த விளக்குக் கம்பத்தக் கட்டிப் புடிச்சாரு. "இவதான் துரை! சீக்கிரம் வாங்க, திமிர்றா!"

இன்ஸ்பெக்டர் தொப்பியக் கழட்டித் தரையில அடிச்சாரு. "இந்தக் குருடன வெச்சுக்கிட்டு நான் என்ன கேஸ் நடத்துறது!" ஜீப்பு பொகையக் கக்கிக்கிட்டுப் போயிடுச்சு.

முத்தாயிக்குப் போன உசிரு வந்துச்சு. கூடவே வாயும் வந்துடுச்சு.

"கண்ணாடி எப்படிண்ணே? டாக்டரக் காட்டிவுட்டது யாரு? நானாக்கும்!"

மண்டோர் சுத்தியும் முத்தியும் பார்த்தாரு. கண்ணாடியக் கழட்டிப் பையில போட்டாரு. அவ மூஞ்சிய நேருக்கு நேரா பார்த்தாரு.

"நீ சொல்லாட்டியும் அங்கதான் போயிருப்பேன். செரம்பான் டாக்டரு, 'இவன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல'ன்னு எழுதிக் குடுத்திருந்தா, உன் புள்ளைங்களுக்கு இன்னிக்கு யாரு முத்தாயி சோறாக்குறது?"